வேரில் இருக்கும் இருப்பு

வாழ்க்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாமே மதிப்பெண் போட்டு, குறைந்ததை ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் வருகிறது, வங்கி ஊழியர் முகாமில் வருகிறது. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே தையல் கடை வைத்திருக்கும் என் தோழியும் தினமும் எத்தனை அடி நடந்தாள், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று செல்போனில் குறித்துக்கொள்கிறாள். ஒரு வட்டத்தை எட்டுத் துண்டாக்கி, உடல், பணம், குடும்பம், நட்பு, வேலை, கல்வி, ஓய்வு, ஆன்மிகம் என்று பெயரெழுதி, மையத்திலிருந்து விளிம்பு வரை பத்துக் கோடு போட்ட தாளை நானும் நிரப்பியிருக்கிறேன். அமெரிக்கரான பால் மேயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வாழ்க்கைச் சக்கரம் அது. எட்டுப் பக்கமும் ஒரே அளவில் நிறைந்தால் சக்கரம் தடங்கலில்லாமல் உருளும் என்பது கணக்கு. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னைத் தானே உட்கார்ந்து பார்ப்பது நல்ல பழக்கம்தான். அப்படிப் பார்க்கத் தொடங்கியதால் குடியை விட்டவர்களை, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களை, பேச்சற்றுப்போன தம்பியிடம் போய் மறுபடி பேசியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளை நிரப்பியதிலிருந்து ஏதோ ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டு விலக மறுக்கிறது. எட்டுத் துண்டுகளில் அம்மாவை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குடும்பம் என்ற துண்டில் என்று நீங்கள் சொல்லலாம். அங்கே எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நான் படித்ததும், வேலையில் நிற்பதும், நோயில்லாமல் இருப்பதும், கையில் நாலு காசு மிஞ்சுவதும் அவளுடைய நாட்களுக்குள்ளிருந்து வந்தவை. எட்டுக்கும் அடியில் இருக்கிற ஒருத்தியை எட்டில் ஒன்றாக எப்படி எழுதுவது?

அம்மா கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. அங்கே பறித்ததைத்தான் இங்கேயும் பறித்தார்கள். மதிப்பீடு என்றால் அவளுக்குத் தராசு. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால், பொழுது சாய்வதற்குள் இரண்டு மூன்று முறை எடை. பாதையோரத்தில் கம்புகளை ஊன்றித் தராசைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரமான சணல் சாக்கின் வாடை, கசக்கிய பச்சைக் கொழுந்தின் வாடை, பக்கத்தில் நிற்பவளின் வெற்றிலை வாடை எல்லாம் ஒன்றாக அடிக்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டும் கணத்தில் வரிசையில் பேச்சு அடங்கிவிடும். முள் நடுங்கி ஓரிடத்தில் நிற்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிஞ்சிய எண் அவள் பேருக்கு நேரே ஏறும். மழையில் கொழுந்து கனக்கும், கனத்தோடு கழிவும் கூடும். கோடை மழைக்குப் பிறகு துளிர் வெடித்து வரும் நாட்களில் கை ஓயாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கினால் பள்ளத்துச் செடிகள் ஒரே இரவில் கருகிப்போகும், ஒரு கிலோவுக்கு ஒரு சரிவு முழுக்க அலைய வேண்டும். வானமும், செடியின் வயதும், சரிவின் செங்குத்தும், அன்றைக்கு எந்த நிரை கிடைத்தது என்ற தற்செயலும் சேர்ந்து தீர்மானித்த எண், புத்தகத்தில் அவளுடைய உழைப்பின் எண்ணாக நின்றது. என் தாளில் உடல் என்ற துண்டுக்கு நான் போட்ட மதிப்பெண்ணும் அப்படிப்பட்டதுதானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. நல்ல தண்ணீர், பக்கத்தில் ஆஸ்பத்திரி, மாதச் சம்பளம், விடுப்பு எடுக்கும் உரிமை இவையெல்லாம் சேர்ந்து போட்ட மதிப்பெண்ணை என் ஒழுக்கத்துக்குக் கிடைத்ததாக நான் எழுதிக்கொண்டேனா?

இந்த நீலகிரி மலையில் மனிதர்களை அளப்பது புதிதில்லை. 1901–02இல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து இங்குள்ள தோடர் பழங்குடியினரிடையே வேலை செய்தார். அவர்களுடைய சடங்குகளையும் வம்சாவளிகளையும் எழுதிக்கொண்டதோடு, பார்வை எவ்வளவு கூர்மை, நிறங்களை எப்படிப் பிரித்தறிகிறார்கள், தொட்டால் எவ்வளவு உணர்கிறார்கள் என்றும் சோதித்துப் பார்த்தார். அக்கறையுள்ள அறிஞர், அவர் எழுதியவற்றால் பின்னால் வந்தவர்கள் நிறையக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அளவுகோல் அவருடையது, அளக்கப்பட்ட விரல் அவர்களுடையது. தோட்டங்களில் இந்த அளத்தல் சட்டமாகவே வந்தது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை முதன்முதலாக வாசித்தபோது, வாழ்க்கைச் சக்கரம் அச்சாவதற்கு முன்பே இங்கே ஒரு சக்கரம் வரையப்பட்டிருக்கிறது என்று தோன்றியது. குடிதண்ணீருக்கு ஒரு பிரிவு, கழிப்பிடத்துக்கு ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று. 150 தொழிலாளர்கள் இருந்தால் கேன்டீன். 50 பெண்கள் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடம். பொழுதுபோக்குக்கும் ஒரு பிரிவு, வீட்டுக்கும் ஒரு பிரிவு, குடை, கம்பளி, மழைக்கோட்டு தருவதற்கும் ஒரு பிரிவு. இவை போராடிப் பெற்றவை, எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள். அங்கே கொடுத்த பாலின் ஆடையையும், ஆயாம்மாவின் சேலையில் அடித்த விறகுப் புகையையும் இன்றும் என் நாக்கும் மூக்கும் மறக்கவில்லை. ஆனால் சட்டம் பிரித்த அறைகள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இல்லை. ஒரே அறை. அடுப்பும் படுக்கையும் சாமியும் பள்ளிப் பையும் அதற்குள்தான். ஒரு மூலையில் எதையாவது நகர்த்தினால் இன்னொரு மூலையில் எதையாவது தூக்கியாக வேண்டும். வாழ்க்கையும் அங்கே அப்படித்தான் இருந்தது. பிள்ளையின் படிப்பு ஒரு பகுதி, தாயின் தூக்கம் இன்னொரு பகுதி என்று யாரும் கோடு போட்டுத் தரவில்லை. இரண்டும் ஒரே விடியற்காலையிலிருந்து எடுக்கப்பட்டன.

என்னை மிகவும் தொந்தரவு செய்யும் கதை 1971இல் நடந்தது. குன்னூர் கிளென்வியூவில் தலைமையகம் வைத்திருக்கும் உபாசி, அதாவது 1893இல் தொடங்கிய தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞரின் யோசனை அதன் பின்னால் இருந்தது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் தொழிலாளியின் பேரில் நிர்வாகம் மாதம் 5 ரூபாய் கணக்கில் போடும். பணம் கைக்கு வராது, அந்தப் பருவம் கடந்த பிறகுதான் கிடைக்கும். அளவுக்கு மேல் பிள்ளை பெற்றால் சேர்ந்ததில் ஒரு பங்கு போய்விடும். ஒரு பிறப்பு குறைந்தால் பேறுகாலச் சம்பளம், வைத்தியம், பிள்ளைக்காம்பரா, பள்ளி என்று தோட்டத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டு, அந்த மிச்சத்திலிருந்து ஒரு பகுதியை அவளுக்கே கொடுப்பது என்பதுதான் அதன் தர்க்கம். தீய எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று இரத்தம் வற்றிய பெண்கள் லயந்தோறும் இருந்தார்கள், முதுமைக்குச் சேமிப்பு என்று ஒரு காசு யாரிடமும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி என்றுதான் நினைத்திருப்பார்கள். இருந்தாலும் அந்த 5 ரூபாயை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்குகிறது. ஒரு பெண்ணின் உடல், அவளுடைய ஆசை, கணவனோடு அவள் வாழும் இரவு, மாமியாரின் வாய், முதுமையைப் பற்றிய பயம் எல்லாம் மாதாமாதம் ஒரு வரவாகவும் பற்றாகவும் ஒரே ஏட்டில் ஏறின. அந்த ஏடு அவள் கையில் இல்லை. அவளுடைய அன்றாடத்தை மேம்படுத்தத்தான் எல்லாமும். எந்தப் பகுதி முதலில் மேம்பட வேண்டும் என்று அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? தண்ணீர்க் குழாய் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். கழிப்பிடத்துக்குக் கதவு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். புருஷனைக் குடிக்காமல் இருக்கச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை வேண்டாம் என்றேகூடச் சொல்லியிருக்கலாம். அப்போது அது அவளுடைய சொல்லாக இருந்திருக்கும்.

அதே உபாசியின் நலத்திட்டத்திலிருந்துதான் பின்னால் லிங்க் ஒர்க்கர் என்ற ஏற்பாடும் வந்தது என்பதால் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. லயத்துப் பெண்களிலேயே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, சில குடும்பங்களை அவள் பொறுப்பில் விட்டு, யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது, யார் வயிற்றோட்டத்தில் படுத்திருக்கிறார்கள், எந்தக் குடிதண்ணீர்த் தொட்டியில் புழு என்று பார்த்துச் சொல்ல வைத்தார்கள். அவளும் கொழுந்து பறிப்பவள்தான். அடுத்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்றால் அது அவளுக்குத் தெரிய எந்தப் படிவமும் தேவையில்லை, புகை வராததே போதும். மேலிருந்து வந்து எடை போடுவதற்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கு நடுவே கிடக்கிறது. முதலாவது, தனக்கு என்ன மிச்சம் என்பதிலிருந்து தொடங்கியது. இரண்டாவது, அவளுக்கு என்ன குறைகிறது என்பதிலிருந்து தொடங்கியது. நம்மை நாமே மதிப்பிட்டுக்கொள்ளும்போதும் இந்த இரண்டு பார்வைகளும் நமக்குள்ளேயே இருக்கின்றன என்று நினைக்கிறேன். நமக்குள் ஒரு நிர்வாகி உட்கார்ந்திருக்கிறார். இந்த உடம்பிலிருந்து, இந்த நாளிலிருந்து இன்னும் எவ்வளவு பறிக்கலாம் என்று அவர் கேட்கிறார். காலை நாலு மணிக்கு எழுந்தால் இரண்டு மணி நேரம் கூடும் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்பதில்லை.

தேயிலைச் செடியிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. மேலே மேலே வளர்ந்து, கைக்கு எட்டாமல் உயர்ந்து, துளிரைவிட வளர்ச்சி நின்ற பஞ்சிக் கொழுந்தே மிகுந்துபோன செடியை முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். கவாத்துக் கத்தி சாய்வாக விழ வேண்டும், வெட்டுவாய் சிதறக் கூடாது, தண்ணீர் தங்கக் கூடாது. பச்சையாகக் கிடந்த மலை ஒரு வாரத்தில் எலும்புக்கூடாகும். மிளாறு வெட்டிய நெடி காற்றில் நிற்கும், துவர்ப்பும் மண்ணும் கலந்த நெடி. நான் சொல்ல வருவது அதற்கு முந்திய வேலை. கவாத்துக்கு முன் வேரைப் பார்க்க வேண்டும். செடியடியில் மண்ணை விலக்கி, பென்சில் கனத்தில் ஒரு வேர்த்துண்டை நறுக்கி, அயோடின் கரைசலில் நனைக்கிறார்கள். வெட்டுமுகம் கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறவில்லையென்றால் இருப்பு குறைவு, அந்தச் செடியை இப்போது வெட்டக் கூடாது. காரணம் எளிது. இலை முழுக்கப் போன பிறகு வெயிலிலிருந்து உணவு செய்ய வழியில்லை. புதுத் துளிர் வரும் வரை வேரில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் செடி உயிரோடிருக்க வேண்டும். இருப்பில்லாத செடியை வெட்டினால் துளிர்க்காமலே காய்ந்துபோகும். அப்படிப்பட்ட செடியைச் சில வாரம் பறிக்காமல் விட்டு இளைப்பாற வைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் ஓரத்துக் கிளைகள் சிலவற்றை வெட்டாமல் விடுவதும் உண்டு. 'லங்' விடுவது என்பார்கள், மற்றதெல்லாம் வெட்டுண்டு கிடக்கும்போது செடி அவற்றால் மூச்சுவிடும். வெட்டிய மிளாறையும் அங்கேயே மண்ணில் போட்டு மட்கவிட்டால் சத்து செடிக்கே திரும்பும் என்பது ஆராய்ச்சியாளர் பரிந்துரை. லயத்து அடுப்புக்கோ அதே மிளாறுதான் விறகு. அம்மா தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு வருவாள். மண்ணுக்குப் போக வேண்டியதா, அடுப்புக்குப் போக வேண்டியதா என்ற வழக்கு எங்கள் வீட்டுக் கஞ்சியில் தீர்ந்தது.

ஒரு புதருக்குக் காட்டும் இந்த நிதானத்தை மனிதருக்கு யார் காட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வாழ்க்கையை மேம்படுத்தும் எந்தத் தாளிலும் வேரைப் பார்க்கும் கட்டம் இல்லை. உடல் நாலு, ஆகவே நடைப்பயிற்சி. பணம் மூன்று, ஆகவே இன்னொரு வேலை. கல்வி ஐந்து, ஆகவே மாலை வகுப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியான மருந்து. ஆனால் எல்லா மருந்தும் ஒரே இருப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த இருப்பு பெரும்பாலும் தாளை நிரப்புகிறவருடையதாக இருப்பதும் இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குப் படித்த வருடம் எங்கள் வீட்டில் கல்வி என்ற பகுதி மேம்பட்டது. விளக்கு நடுநிசி வரை எரிந்தது. ஒரே அறை என்பதால் விளக்கு எரியும் வரை அம்மாவுக்குத் தூக்கமில்லை. நான் எழுவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டினாள், பைப்படியில் வரிசை போட்டாள், பெரட்டுக்கு ஓடினாள். தராசின் முன் கண் செருக நின்றிருப்பாள். என் மதிப்பெண் பட்டியலில் ஏறியது, அவள் பேருக்கு எடை எழுதும் செக்ரோலில் இறங்கியிருக்கும். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை. இன்றைக்கும் குன்னூரில் மாலை ஐந்தரைக்கு ட்ராக்சூட் போட்டு நடப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் ஆண்கள் அதிகம். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதை அவர்கள் கையிலிருக்கும் கருவி எண்ணுவதில்லை. என் தோழி மட்டும் கடையடைத்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடித்து, மொட்டை மாடியில் இருட்டில் நடந்து அடிகளை நிரப்புகிறாள். அந்த அடிகளை உடல்நலம் என்ற துண்டில் எழுதுவதா, ஓய்வு என்ற துண்டிலிருந்து கழிப்பதா?

எண்ணை மட்டும் துரத்தியதன் விளைவை இந்த மாவட்டம் பச்சைத் தேயிலையிலேயே கண்டிருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் கைப்பறிப்பு குறைந்து கத்தரி வந்தது. கத்தரியில் கிலோ ஏறியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் வர வேண்டிய இடத்தில் முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வந்தன. 1963இல் தொடங்கிய குன்னூர் ஏல மையத்தில் நீலகிரித் தூளுக்கு மதிப்புக் குறைந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. சிறு விவசாயி கிலோவைக் கூட்டியது பேராசையால் இல்லை. விலை விழுந்ததால் கூட்டினார், கூட்டியதால் விலை இன்னும் விழுந்தது. அந்தச் சிறு விவசாயிகளின் படுகர் ஊர்களில் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடாத வீடு குறைவு.

இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே போனால் அளப்பதே கூடாது என்றாகிவிடும். அது என் எண்ணமில்லை, அம்மாவும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். தராசு அவளைக் கசக்கியது என்று நான் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "என்னா புள்ள அப்பிடி சொல்லிட்ட? அந்த நிரையில எனக்கு முன்னால எவ கெடந்தா? கங்காணியே நின்னு பாத்துட்டுப் போவாரு" என்றாள். விரல்களை விரித்துக் காட்டினாள். கொழுந்துக் கறை ஊறி வெடித்த விரல்கள், இப்போது நிமிராதவை. இரண்டு கையாலும் பறிக்கும் வேகமும், கண் பார்க்கும் முன்பே மொட்டைத் தொட்டுவிடும் பழக்கமும் அவளுடைய வித்தை. அந்த வித்தைக்குச் சாட்சி என்று அவளிடம் இருந்தது அந்த எண் மட்டுமே. அதையும் நான் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்? எண்ணால் நசுங்கியவளே எண்ணால் நிமிர்ந்தும் நின்றிருக்கிறாள். இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை, அவிழ்த்ததாகப் பாவனை செய்யவும் விருப்பமில்லை. ஆனால் அவள் வார்த்தையில் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை கிலோ என்று அவள் சொல்லவில்லை. நிரையைச் சொன்னாள், உடன் நின்றவர்களைச் சொன்னாள், பார்த்துவிட்டுப் போன கண்ணைச் சொன்னாள்.

கணக்கை விடாத இன்னொருவரும் இங்கே வந்திருக்கிறார். 1934இன் தொடக்கத்தில், தீண்டாமைக்கு எதிரான பயணத்தின் நடுவே, காந்தி சில நாட்கள் குன்னூரில் தங்கினார். தன்னைத் தானே கணக்குப் பார்ப்பதில் அவரை மிஞ்சியவர் குறைவு. ஆசிரமத்தில் இருப்பவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும், நூற்ற நூலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்தக் கண்டிப்பில் எனக்கு மூச்சு முட்டும் இடங்கள் உண்டு. அவர் மனைவி கஸ்தூரிபாவின் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் முட்டும். ஆயினும் அவர் ஏற்பாட்டில் ஒரு விதி இருந்தது, என் தாளில் அது இல்லை. கழிப்பிடத்தைச் சுத்தம் செய்யும் வேலையை ஆசிரமத்தில் எவரும் வேறொருவர் தலையில் தள்ளிவிட முடியாது. ஆன்மிகத்தில் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வாளியை அவரே தூக்க வேண்டும். ஒரு பகுதியில் உயர்வதற்கு இன்னொருவரின் பகலைச் செலவழிப்பதை அந்த விதி ஓரளவு தடுத்தது. நம் சுயமதிப்பீடுகளில் இப்படி ஒரு விதியைச் சேர்த்தால் பாதி மதிப்பெண்கள் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். இறங்கட்டும். இறங்கிய பிறகு இருப்பதே உண்மையில் நம்முடையது.

வேரில் என்ன இருப்பு என்ற கேள்வி கடைசியில் வந்து முட்டுவது முதுமையில்தான். டான்டீ என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு வாழ்வு கொடுப்பதற்காக 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் கழகமானது. 2022இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டபோது, கூடலூர், பந்தலூர் பக்கத்து லயங்களில் எழுந்த முதல் கேள்வி கூலியைப் பற்றியதாக மட்டும் இல்லை. வீடு என்னவாகும் என்று கேட்டார்கள். காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, யானைக்கும் காட்டெருமைக்கும் அது பாதை. ஆனால் இரண்டு நாடுகளின் கணக்கில் ஒருமுறை வேரோடு பெயர்க்கப்பட்டு, இந்த மண்ணில் மறுபடி ஊன்றியவர்களை இன்னொரு முறை அசைக்கும்போது வேரில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். டான்டீ என்றில்லை, எந்தத் தோட்டத்திலும் லயத்து வீடு வேலை இருக்கும் வரைதான். பேர் வெட்டுப்பட்டால் வீடும் போகும். அதனாலேயே மகனையோ மருமகளையோ அதே தோட்டத்தில் பேர் பதியவைத்து வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுக்காக இன்னொரு தலைமுறை தராசின் முன் போய் நிற்கிறது. அம்மா என்னோடு குன்னூருக்கு வந்துவிட்டாள். அவளோடு நிரை பிடித்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு இடம் இல்லை. 1951 சட்டம் தண்ணீரை எண்ணியது, கம்பளியை எண்ணியது, பிள்ளைகளின் வயதை எண்ணியது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டபோதும் வீடு வேலையில் இருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் என்றே நின்றுவிட்டது. ஆயுள் முழுக்கப் பறித்து முடித்தவளுக்கு வீடு என்ற பிரிவு இரண்டிலும் இல்லை. அடுத்த திருத்தம் எதுவாக இருந்தாலும், அதை எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவை முதலில் எழுத வேண்டும்.